“9,600 கிலோமீட்டர், 12 மணி நேரம்” என்று சொல்லி டிக்கெட் விற்றால் பணம் கட்டாதீர்கள்

லண்டனிலிருந்து டோக்கியோ போய், அங்கிருந்து சப்போரோவுக்கு உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டும், கூட அம்மாவும் வருகிறார் என்று விளக்கமாகச் சொல்லித்தான் ஒரு ஏஜென்டிடம் டிக்கெட் போட்டேன். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது விமான நிறுவனத்தின் டிக்கெட் இல்லை, அவரே டைப் செய்த ஒரு தாள். “லண்டன் – டோக்கியோ 9,600 கி.மீ., 12 மணி நேரம். டோக்கியோ – சப்போரோ மதியம் 12.30.” காலை 11 மணிக்குக் கிளம்பி மறுநாள் 8 மணிக்கு இறங்கினால் நாலரை மணி நேரம் கையில் இருக்கும், அம்மா நிதானமாக நடந்து வரலாம் என்று பணத்தைக் கட்டிவிட்டேன்.

உண்மையான டிக்கெட் வந்தது கிளம்புவதற்கு முந்தின ராத்திரி. அதில் டோக்கியோ சேரும் நேரம் காலை 10. போன் செய்து கேட்டால், “அது டைம் டிஃபரன்ஸ் சார், பறக்கிற நேரம் 12தான்” என்கிறார். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் டோக்கியோ லண்டனைவிட 9 மணி நேரம் முன்னால் இருக்கும், ஆக அங்கே காலை 10 என்றால் லண்டனில் ராத்திரி 1 மணி. அப்படியென்றால் பயணம் 14 மணி நேரம். இதைக் கணக்குப் போட்டு மறுபடி கூப்பிட்டபோது அவர் போனை எடுக்கவில்லை.

தூரம் பொய் இல்லை, நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து, விமானம் மேலே ஏறவும் கீழே இறங்கவும் அரை மணி நேரம் கூட்டினால் 12 மணி நேரம் வந்துவிடும். அவருடைய தளத்தில் இருக்கும் கணக்கீடும் அதைத்தான் செய்கிறது. ஆனால் அந்த நேர்வழி ரஷ்யாவின் மேல் போகிறது, 2022 பிப்ரவரியிலிருந்து பிரிட்டிஷ் விமானங்களுக்கு அந்த வான்வெளி மூடிக்கிடக்கிறது. சீட்டுக்கு முன்னால் இருந்த திரையில் பார்த்தேன், கருங்கடல், காஸ்பியன், கஜகஸ்தான், சீனா என்று கோடு தெற்கே வளைந்து வளைந்து போனது. டிக்கெட் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாதா?

அடுத்த அடி டோக்கியோவில். அங்கே ஹனேடா, நரிடா என்று இரண்டு விமான நிலையங்கள். நாங்கள் இறங்கியது ஹனேடா, சப்போரோ விமானம் நரிடாவில். ஏஜென்ட் தாளில் இரண்டுக்கும் “டோக்கியோ” என்றே போட்டிருந்தார், ராத்திரி இருந்த பதற்றத்தில் டிக்கெட்டில் அதை நான் கவனிக்கவில்லை. குடியேற்றச் சோதனை முடிந்து பெட்டி எடுத்து வெளியே வரவே 11.15 ஆகிவிட்டது, அதற்கப்புறம் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். நரிடா கவுன்டரில் போய் நின்றபோது விமானம் கிளம்பிவிட்டது. அம்மா ஒன்றும் பேசாமல் பெட்டிமேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு விமானங்களும் தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்) என்பதால் முதல் விமானத்தை வைத்து எதுவும் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள், கைக்காசு போட்டுப் புது டிக்கெட் எடுத்தோம்.

யார் டிக்கெட் போட்டுத் தந்தாலும் சரி, பணம் கட்டும் முன் விமான எண்ணை வாங்கி, நீங்கள் போகும் தேதிக்கு விமான நிறுவனத்தின் அட்டவணையிலேயே நேரத்தைப் பாருங்கள். ஊர் பெயர் போதாது, விமான நிலையத்தின் பெயரைக் கேளுங்கள். இணைப்பு விமானம் என்றால் இரண்டும் ஒரே பிஎன்ஆரில் இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். “டைரக்ட்” என்று சொன்னால் நான்ஸ்டாப்பா என்றும் கேட்டுவிடுங்கள், வழியில் ஓர் ஊரில் இறங்கிப் போகும் விமானத்தையும் டைரக்ட் என்றுதான் விற்பார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு ஏஜென்டுக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன், பதில் இல்லை. அவருடைய தளத்தில் லண்டன் – டோக்கியோ என்று போட்டால் இன்றைக்கும் 12 மணி நேரம் என்றுதான் காட்டுகிறது.