பேங்க் மதிப்பீட்டாளரா, நாமே கூப்பிடும் மதிப்பீட்டாளரா?

சென்னை மடிப்பாக்கத்தில் இருந்த எங்கள் பழைய ஃப்ளாட்டை விற்பது என்று முடிவானதும் நான் செய்த முதல் காரியம் பெயின்ட் அடித்தது. 40,000 ரூபாய் செலவு. வாங்க வந்தவருடைய வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் சுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. லேசர் மீட்டரைச் சுவரோரம் வைத்து அழுத்தி, நீள அகலத்தைக் குறித்துக்கொண்டே பால்கனிப் பக்கம் போனார். அங்கே பால்கனி ஏது? அம்மாவுக்காக அடைத்துக் கட்டிய பூஜை அறைதான் இருந்தது. "பிளான்ல இது ஓப்பன் பால்கனின்னு போட்டிருக்கே சார்" என்றார். காலையில் ஏற்றிய கற்பூர வாசனைகூட இன்னும் போகாத அந்த அறை, கணக்கிலிருந்து போய்விட்டது.

பேசிய விலை 70 லட்சம். அவர் போட்டது 62. வங்கிகள் பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. ரிசர்வ் வங்கி விதி. 56 லட்சம் வரும் என்று இருந்தவருக்கு 49.6 லட்சம்தான் என்றார்கள். துண்டு விழுந்த 6.4 லட்சத்தை அவர் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனி. அதையும் கடனில் சேர்க்க மாட்டார்கள். மனிதர் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. கடைசியில் 66-க்கு முடித்தோம்.

பெயின்டருக்குக் கொடுத்ததில் ஒரு பகுதியை ஒரு மதிப்பீட்டாளருக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் கணக்குப் போட்டேன்.

பேங்க் ஆள் வங்கிக்காக வருகிறவர். கடன் நின்றுபோனால் இந்த வீட்டை விற்று எவ்வளவு தேற்றலாம் என்பதுதான் அவருடைய கவலை. மதிப்பீட்டுக் கட்டணத்தை, வீடு வாங்குகிறவர் தலையில் கட்டுவார்கள். அறிக்கையோ பெரும்பாலும் அவர் கண்ணில் படாது. (காசு கொடுத்தவனுக்கு ஏன் காட்டக் கூடாது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.) பிளான், பத்திரம், அளவு மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில் பாதுகாப்பாகக் குறைத்தே போடுவார்.

நாமே கூப்பிடுகிற பதிவுபெற்ற மதிப்பீட்டாளருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அவர் அறிக்கையை வங்கி ஏற்காது, தன் பட்டியலில் உள்ளவர் போட்டதுதான் அதற்குச் செல்லும். அப்புறம் எதற்கு அவர்? ஓட்டை எங்கே என்று விலை பேசுவதற்கு முன்பே தெரிந்துவிடும். எங்கள் வீட்டை புரோக்கர் 1,050 சதுர அடி என்று சொல்லித்தான் விலை ஏற்றினார். அது படிக்கட்டு, லிஃப்ட், பொது வராந்தா எல்லாம் சேர்த்த கணக்கு. மீட்டர் காட்டியது 860. எங்கள் யூடிஎஸ், அதாவது நிலத்தில் எங்களுக்கு உள்ள பிரிபடாத பங்கு, 430 சதுர அடி. கட்டடத்துக்கு 60 வருட ஆயுள் என்று வைத்துத் தேய்மானம் கழிப்பது வழக்கம். 30 வருடமானால் கட்டட மதிப்பில் ஏறக்குறைய பாதி போய்விடும். பழைய ஃப்ளாட்டில் விலையைத் தாங்குவது அந்த நிலப் பங்குதான். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் 70 என்று வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

இன்னொரு பயனும் உண்டு. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வீடு என்றால், மூலதன ஆதாய வரிக்கு, அதாவது விற்ற லாபத்துக்கான வரிக்கு, 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுக்கலாம், பதிவுக்காக அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். அதற்கும் இவர் அறிக்கை கைகொடுக்கும்.

வழிகாட்டி மதிப்பை வைத்தே விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தெருவுக்கு ஒரு ரேட். பதிவுத்துறை தளத்தில் எவரும் பார்க்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் எந்த வீட்டு வாசலில் தண்ணீர் நின்றது என்பது அந்த ரேட்டுக்குத் தெரியாது. மதிப்பீட்டாளர் அதையும் விசாரிப்பார். ஆனால் விற்ற விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் வருமான வரியில் இரண்டு தரப்புக்கும் சிக்கல் என்பதால், கீழ் எல்லை எது என்று தெரிந்துகொள்ள வழிகாட்டி மதிப்பு உதவும். புரோக்கர் ரேட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; கமிஷன் சதவீதத்தில் வாங்குகிறவர் குறைத்துச் சொல்வாரா?

என்னைக் கேட்டால், 15, 20 வருடமான ஃப்ளாட், அதிலும் பால்கனி அடைத்தது, மாடியில் ஷெட் போட்டது என்று ஏதாவது இருந்தால், விற்பவர் தனியாக ஒருவரைக் கூப்பிடுவதுதான் சரி. பூஜை அறையை இடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு விலை கேட்காமல் இருந்தால் போதும். நாலைந்து வருடக் கட்டடம், அதே பிளாக்கில் ஏற்கெனவே பலர் வங்கிக் கடனில் வாங்கியிருக்கிறார்கள் என்றால் அந்தச் செலவு வீண். எப்படியானாலும் அங்கீகரிக்கப்பட்ட பிளான், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, ஈ.பி. கார்டு எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே ஃபைலில் வையுங்கள். எங்களிடம் பிளான் நகல் இல்லாமல், மதிப்பீட்டாளர் வந்து நின்றபோது அசோசியேஷன் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

வாங்குபவர் தனியாக ஒருவருக்குச் செலவு செய்வதைவிட, டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பத்திர நகல்களை வங்கியில் கொடுத்து லீகல் சரிபார்ப்பையும் வேல்யூவேஷனையும் முடிக்கப் பார்க்கலாம். அக்ரிமென்ட் இல்லாமல் முடியாது என்று வங்கி சொன்னால், அந்த அக்ரிமென்டிலேயே ஒரு வரி: மதிப்பீடு குறைந்து கடன் இவ்வளவுக்குக் கீழே வந்தால் அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். எங்களிடம் வாங்கியவர் அந்த வரியைப் போட்டிருந்தார். நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.