மேடையில் இருந்து டிவிக்கு: பார்ட்டனின் வழி, டோனஹ்யூவின் வழி

மேடையில் ஆடிப்பாடி, சிரிப்பு காட்டிவிட்டு அமெரிக்க டிவி நகைச்சுவைத் தொடர்களை இயக்க வந்தவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பார்வையாளர்களை உட்கார வைத்து 3 கேமராக்களில் எடுப்பது. இன்னொன்று, சினிமா போல ஒரே கேமராவில், பார்வையாளர் இல்லாத செட்டில் எடுப்பது.

ஜாக் டோனஹ்யூ முதல் வழி. நியூயார்க்கின் ஆடல்பாடல் மேடை நிகழ்ச்சியான சீக்ஃபெல்ட் ஃபாலீஸில் ஆடியவர், பிறகு சினிமாவில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்கு நடனம் அமைத்தவர். அவர் இயக்கிய 'தி லூசி ஷோ' தொடரில் நகைச்சுவை நடிகை லூசில் பால் விழுந்து புரளும் காட்சிகளுக்கு எதிரே நிஜமான கூட்டம் இருந்தது. எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது, அது அடங்க எவ்வளவு நேரம் விடலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். மேடைக்காரருக்குப் பழகிய வேலைதான்.

சார்லஸ் பார்ட்டனின் பாடு வேறு. இளவயதில் வாட்வில் என்ற பல்சுவை மேடை, அப்புறம் சினிமா. 1948-இல் நகைச்சுவை ஜோடி அபட்டும் காஸ்டெல்லோவும் ஃபிராங்கன்ஸ்டைனைச் சந்திக்கும் படத்தை இயக்கினார். 1966-இல் தொடங்கிய 'ஃபேமிலி அஃபேர்' தொடரின் பெரும்பாலான பகுதிகளும் அவருடையவை. அதில் நாயகன் பிரையன் கீத்தின் காட்சிகளை மொத்தமாக முதலில் எடுத்துவிடுவார்கள். குழந்தைகள் பேசும் மீதிக் காட்சிகள் பல வாரம் கழித்துத்தான். ஒரே உரையாடலின் இரண்டு பாதிகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி! சிரிப்பொலியும் பின்னால் சேர்த்ததுதான். வேகம், இடைநிறுத்தம் எல்லாவற்றையும் இயக்குநர் மனக்கணக்கிலேயே வைத்திருக்க வேண்டும்.

பார்க்க எனக்குப் பிடித்தது டோனஹ்யூவின் வழி. அந்தச் சிரிப்பில் உயிர் இருக்கிறது. ஆனால் மேடையில் கற்ற நேர உணர்வுக்குக் கடினமான பரீட்சை வைத்தது பார்ட்டனின் வழிதான், அதில் அவர் நன்றாகவே தேறினார்.