சோலண்டா, ஐயோனியனா, சரோனிக்கா? அஞ்சு பேர் சேர்ந்து பாய்மரப் படகு எடுக்கப் போறீங்கன்னா

பிப்ரவரி வந்தாலே, இங்கிலாந்துல இருக்கிற எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் நீலத் தண்ணி ஃபோட்டோ ஒண்ணப் போட்டு "இந்த வாட்டி போட் எடுக்கலாமாடா"ன்னு ஆரம்பிச்சுடுவான், அப்புறம் ரெண்டு நாளைக்கு குரூப் ரெண்டா உடைஞ்சு கிடக்கும். ஒரு கோஷ்டிக்கு கிரீஸ்தான், வேற பேச்சே கிடையாது. இன்னொண்ணு "விசாவுக்கு எவன் அலையறது, சவுத்தாம்ப்டன் பக்கமே எடுத்துப்போம்"ங்கும். நான் மூணு இடத்துலயும் ஸ்கிப்பரா, அதாவது படகுக்குப் பொறுப்பான ஆளா, போயிருக்கேன். இங்கிலாந்துல சோலண்ட், கிரீஸுக்கு மேற்கால ஐயோனியன், ஏதென்ஸை ஒட்டி சரோனிக். எல்லாமே 33லேர்ந்து 38 அடிக்குள்ள வாடகை யாட், நாலஞ்சு பேர், அதுல பாதிப் பேருக்கு எந்தக் கயிறு எதை இழுக்கும்னே தெரியாது. இது அந்த மாதிரி ஆளுங்களோட போறவங்களுக்கான அலசல், ரேஸ் ஓட்டுறவங்க இதைப் படிச்சு டென்ஷன் ஆகாதீங்க.

எல்லாரும் சொல்ற அட்வைஸ் என்னன்னா கத்துக்கறதுக்கு சோலண்ட், ஜாலிக்கு கிரீஸ், புது ஆளுங்களா இருந்தா நேரா கிரீஸுக்குக் கூட்டிட்டுப் போயிடு. எனக்கு இதுல பாதிதான் உடன்பாடு. புது ஆளை முதல் தடவை ஒரு வாரம் படகுல ஏத்துறதே தப்புங்கறது என் கட்சி. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல சோலண்ட். ஐல் ஆஃப் வைட் தீவுக்கும் இங்கிலாந்துக் கரைக்கும் நடுவுல சுமார் 20 மைல் நீளத்துக்குக் கிடக்கிற ஒரு கால்வாய் மாதிரிதான். சின்ன இடம், ஆனா அதுக்குள்ள ஒரு வார இறுதிக்குப் போதும் போதும்ங்கற அளவுக்கு துறைமுகம் இருக்கு: ஹாம்பிள், கௌஸ், லிமிங்டன், யார்மத், நியூட்டவுன் க்ரீக், பியூலி ஆறு. எங்க நின்னாலும் அடுத்த ஒதுங்குற இடம் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துடும். ஆனா இங்க நீங்க முதலாளி இல்ல, காத்தும் முதலாளி இல்ல, டைட்தான் முதலாளி, அதாவது கடல் ஏறி இறங்கறதும் அதோட சேர்ந்து ஓடுற தண்ணியும். மேற்குக் கோடியில ஹர்ஸ்ட் கோட்டைன்னு எட்டாம் ஹென்றி கட்டினது ஒண்ணு இருக்கு, அந்த முனைக்கும் தீவுக்கும் நடுவுல கடல் குறுகிடும், பௌர்ணமி அமாவாசையை ஒட்டி வர்ற பெரிய டைட்ல அங்க தண்ணி 4 நாட் வேகத்துக்கு மேல ஓடும் (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்). நம்ம வாடகைப் படகு முக்கி முக்கிப் போனா 5, 6 நாட். கணக்கு போட்டுக்கோங்க, கூடப் போனா பத்து, எதிர்த்துப் போனா ஒண்ணு ரெண்டு.

இதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்ல ஆசைதான். நீடில்ஸ் பாறைங்களை வெளியில போய்ப் பாத்துட்டுத் திரும்பி வர்றோம், டைட் டேபிள்ல இருந்த நேரம் ஜிஎம்டி, கோடைக்காலத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டணும்ங்கறதை நான் மறந்துட்டேன், போதாக்குறைக்கு காத்து நல்லா அடிச்சு அரைமணி முன்னாடியே வேற வந்து சேந்தாச்சு. ஆக தண்ணி உள்பக்கம் திரும்பறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி. பாய் ரெண்டும் புடைச்சு நிக்குது, பக்கத்துல தண்ணி நுரை கட்டிக்கிட்டு ஓடுது, எல்லாரும் செம ஸ்பீடுன்னு செல்ஃபி எடுக்கிறாங்க, ஆனா இடது பக்கம் அந்தக் கோட்டை மட்டும் நகரவே மாட்டேங்குது. பிளாட்டர்ல, அதான் படகோட ஜிபிஎஸ் மேப்ல, பாத்தா வேகம் 1.8 நாட். எங்க கூட்டத்துல தூத்துக்குடிக்காரன் ஒருத்தன் இருக்கான், தாத்தா கடலுக்குப் போனவர், அவன் அஞ்சு நிமிஷம் கோட்டையையே பாத்துட்டு, "ஏலே, நீவாடு பாக்காமயா கூட்டிட்டு வந்த?"ன்னான். நீவாடுன்னா நீரோட்டம், அவங்க ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க. மூணு வருஷம் ஆச்சு, இன்னும் நான் எது தப்பு பண்ணாலும் குரூப்ல வர்ற ஒரே பதில் "நீவாடு பாக்கல".

அதனால சோலண்ட் போறவங்களுக்கு என் முதல் டிப்ஸ், ஹோட்டல் புக் பண்ற மாதிரி தேதியைப் பாக்காதீங்க, நிலாவைப் பாருங்க. அரைநிலாவை ஒட்டி வர்ற நீப் டைட் வாரக் கடைசியா பாத்து எடுத்தா ஓட்டம் ஏறக்குறைய பாதியாகிடும், தப்புக் கணக்கு போட்டாலும் தப்பிச்சுக்கலாம். இன்னொண்ணு, மேற்கே ஓடுற தண்ணிக்கு எதிரா தென்மேற்குக் காத்து அடிச்சா குட்டையா செங்குத்தா அலை எழும்பும், படகு தட் தட்னு அடிக்கும், முதல் தடவை வந்தவன் வாழ்க்கையையே வெறுத்துடுவான். சவுத்தாம்ப்டன்ல ஒவ்வொரு டைட்லயும் தண்ணி உச்சத்துக்கு ஏறுறது அடுத்தடுத்து ரெண்டு தடவை வரும், அது தீவோட ரெண்டு பக்கமும் தண்ணி தனித்தனியா சுத்தி வர்றதாலன்னு பப்ல எல்லாரும் சொல்வாங்க, நம்பாதீங்க, இங்கிலீஷ் கால்வாயோட ஆழம் கம்மியான தண்ணியில டைட்டோட வடிவமே கோணிப் போறதாலதான் அப்படி.

கப்பல் டிராஃபிக்கும் சாதாரணம் இல்ல. 150 மீட்டருக்கு மேல இருக்கிற கப்பல் வந்தா அதுக்கு முன்னாடி 1000 மீட்டர், ரெண்டு பக்கமும் 100 மீட்டர் நம்ம மாதிரி சின்னப் படகு போகக்கூடாது, அந்தத் தடை கப்பல் கூடவே நகர்ந்து வரும். நடுவுல பிராம்பிள் பேங்க்னு ஒரு மணல் திட்டு, 2008ல குயின் எலிசபெத் 2 கப்பலே சவுத்தாம்ப்டனுக்குக் கடைசித் தடவையா வந்தப்ப அதுல தட்டி நின்னுச்சு. வருஷத்துல ஒரு நாள் தண்ணி ரொம்ப வத்துறப்ப ரெண்டு யாட் கிளப் அதே திட்டு மேல இறங்கி கிரிக்கெட் ஆடும், யார் ஜெயிக்கணும்னு முறை வச்சு முன்னாடியே முடிவு பண்ணிடுவாங்க. நம்ம தெரு மேட்ச் எவ்வளவோ நேர்மை.

இப்ப ஐயோனியன். இங்க டைட்டை மறந்துடலாம், கிட்டத்தட்ட இல்லவே இல்ல. லெஃப்காடாவுல படகு எடுத்தா மெகனிசி, இதாக்கா, கெஃபலோனியான்னு தீவுங்க பக்கம் பக்கமா நிக்கும், ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு மைல் தாண்ட வேண்டியதே இல்ல. கோடையில காத்து டைம்டேபிள் போட்ட மாதிரி வரும், காலைல கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி இருக்கும், மதியத்துக்கு மேல வடமேற்குல இருந்து மேஸ்ட்ரோன்னு ஒரு காத்து கிளம்பி நாலஞ்சு மணிக்கு நல்லா அடிச்சுட்டு சூரியன் இறங்கறப்ப அடங்கிடும். அதாவது காலைல லேட்டா எந்திரிச்சு, குதிச்சு நீந்தி, தோசைக்கல்லு இருந்தா தோசையும் சுட்டுட்டு, ரெண்டு மணிக்குப் பாய் ஏத்தினா போதும். சோம்பேறிங்களுக்காகவே செஞ்ச கடல். மெகனிசியில ஸ்பார்தோகோரி கிராமத்துக்குக் கீழ டாவர்னாக்காரங்களே, அதாவது அங்கத்த சாப்பாட்டுக் கடைக்காரங்களே, படகுத்துறை வச்சிருக்காங்க, ராத்திரி அங்க சாப்பிட்டாப் போதும், படகு நிறுத்தத் தனிக் காசு கிடையாது. இதே 35 அடிப் படகை சோலண்ட்ல மரீனாவுல, அதாவது காசு கட்டிப் படகு நிறுத்துற இடத்துல, சீசன்ல ஒரு ராத்திரி கட்டினா 40 பவுண்டுக்கு மேல பழுத்துடும்.

ஃபிஸ்கார்டோ எல்லாரும் போற இடம், 1953 பூகம்பத்துல கெஃபலோனியா முக்கால்வாசி தரைமட்டமானப்ப தப்பிச்சு நின்ன ஊரு, அதனால பழைய வீடுங்க அப்படியே இருக்கு. ஆனா ஆகஸ்ட்ல மதியம் ரெண்டு மணிக்குள்ள போகலைன்னா இடம் கிடைக்காது, அப்ப மேஸ்ட்ரோ அடிக்கிற நேரத்துல நீங்க பார்க்கிங் தேடி மோட்டார் போட்டுக்கிட்டு இருப்பீங்க. எனக்கு ஐயோனியன்மேல இருக்கிற ஒரே கோபம் இதுதான், பாய்மரப் பயணம்னு சொல்லிட்டுப் பாதி தூரம் டீசல்ல ஓடும். செப்டம்பர் நல்ல மாசம்தான், கூட்டம் குறையும், தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், ஆனா இடிமழை வரலாம். 2020 செப்டம்பர்ல யானோஸ்னு புயலே வந்து இந்தத் தீவுங்களை அடிச்சுட்டுப் போச்சு. ஃபோர்காஸ்ட் பாக்காம தூங்கக்கூடாது.

சரோனிக் கரையில இறங்கிப் பாக்க ஆசைப்படறவங்களுக்கு. சென்னைல இருந்து வர்ற ஃப்ரெண்டு இருந்தா வளைகுடா வழியா ஒரே தடவை மாறி ஏதென்ஸ் வந்துடலாம், ஏர்போர்ட்ல இருந்து அலிமோஸ் மரீனா டாக்ஸி தூரம்தான். எய்னாவுல கிமு 500 வாக்குல கட்டின அஃபாயா கோயில், கரையெல்லாம் பிஸ்தா விக்கிற வண்டி. எபிடாவ்ரோஸ்ல படகைக் கட்டிட்டு டாக்ஸி பிடிச்சா அந்தப் பழைய நாடக அரங்கம். அப்புறம் போரோஸ், ஹைட்ரா. ஹைட்ராவுல கார் பைக் எதுவும் கிடையாது, சாமான் தூக்கறது கழுதைதான். பாக்குறதுக்கு மூணுலயும் இதுதான் டாப். ஆனா முதல் நாளே எய்னாவுக்குப் பதினஞ்சு மைலுக்கு மேல திறந்த தண்ணியில போகணும், ஃபெர்ரிங்க பறந்துட்டுப் போறப்ப கிளப்பற அலை வேற, முதல் நாளே ரெண்டு பேர் சுருண்டு படுத்துடுவாங்க.

ஹைட்ரா துறைமுகம் பத்தித் தனியா சொல்லணும். கிரீஸ் பூரா படகை நிறுத்தற முறையே வேற, நங்கூரத்தை நடுத் தண்ணியில போட்டுட்டுப் பின்பக்கமா ரிவர்ஸ் எடுத்து வந்து வாலைக் கரையில கட்டணும். திநகர்ல சந்துக்குள்ள கார் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி, ஆனா தரையும் நகரும், காரும் சறுக்கும், ரெண்டு பக்கத்துப் படகுக்காரனும் ஒயின் கிளாஸோட நின்னு வேடிக்கை பாப்பான். முப்பது மீட்டர் சங்கிலி விடணும், சைடு காத்து அடிச்சா முகப்பு அப்படியே சாஞ்சு அடுத்தவன் மேல போகும். ஹைட்ராவுல இடம் அவ்வளவு சின்னதுங்கறதால ரெண்டு மூணு வரிசையா நிப்பாங்க, எல்லாச் சங்கிலியும் அடியில பின்னிக்கிடும். நாங்க காலைல ஏழு மணிக்குக் கிளம்பப் பாத்தா எங்க நங்கூரத்தோட இன்னொருத்தன் நங்கூரமும் சேர்ந்து மேல வருது, அதைக் கயிறு போட்டுத் தொங்க விட்டுக் கழட்டி விடறதுக்குள்ள மணி எட்டே முக்கால், அதுவரைக்கும் எவன் எவனோ எங்களைப் பாத்துக் கத்தினான், கிரேக்கத்துல இல்ல, ஜெர்மன்ல. அடுத்த வாட்டி எர்மியோனியில படகை விட்டுட்டு ஃபெர்ரில ஹைட்ரா போயிட்டு வந்துட்டோம். நிம்மதி.

சோலண்ட்ல இந்தத் தலைவலி கிடையாது, மிதக்கிற பாலம் மாதிரி பான்டூன் பக்கத்துல போய் ஒட்டினாப் போதும், என்ன, டைட் அங்கயும் உங்களைத் தள்ளும்.

பேப்பர் விஷயம். இங்கிலாந்துல சொந்தப் பொழுதுபோக்குக்கு ஓட்ட சட்டப்படி லைசென்ஸ் வேண்டாம், ஆனா வாடகைக்குக் குடுக்கிறவங்க பொதுவா டே ஸ்கிப்பர்ங்கற சர்டிஃபிகேட் கேப்பாங்க. கிரீஸ்ல ஸ்கிப்பருக்கு ஐசிசி (இன்டர்நேஷனல் சர்டிஃபிகேட் ஆஃப் காம்பிடன்ஸ், கிரிக்கெட் இல்ல) மாதிரி சர்டிஃபிகேட் கட்டாயம், அதோட ஓட்டத் தெரிஞ்ச இன்னொரு ஆளும் இருக்கணும். எங்க கூட்டத்துல மூணு பேர் இந்தியன் பாஸ்போர்ட், ஷெங்கன் விசா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதுக்குள்ள கோடையே முடிஞ்சிடும்ங்கற நிலைமை. கிரீஸ்ல படகு சனிக்கிழமை டு சனிக்கிழமைதான் பெரும்பாலும் குடுப்பாங்க, ஒருத்தனுக்கு விசா வரலைன்னா அவன் பங்கு மத்தவங்க தலையில. சோலண்ட்னா வெள்ளி சாயங்காலம் டிரெயின் ஏறினா ஞாயிறு ராத்திரி வீடு.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். முதல் ட்ரிப்ல எங்களோட வந்தவன் ஒருத்தன், பேர் வேண்டாம், சனிக்கிழமை மதியம் பூரா பச்சை முகத்தோட உக்காந்திருந்தான். மாத்திரையைக் குமட்ட ஆரம்பிச்சப்புறம் போட்டான், அது வேலைக்கு ஆகாது, கிளம்பறதுக்கு முன்னாடியே போடணும். யார்மத்ல கட்டினதும் பையை எடுத்தான், நாப்பது நிமிஷ ஃபெர்ரி, லிமிங்டன்ல இறங்கி டிரெயின், ராத்திரி வீட்ல இருந்தான். யாருக்கும் மனக்கசப்பு இல்ல. இதே இதாக்காவுல ரெண்டாவது நாள் நடந்திருந்தா அஞ்சு நாள் அவனும் நரகத்துல, நாங்களும் நரகத்துல. குறட்டை யாரு, பாத்திரம் கழுவாம நழுவறது யாரு, கை பம்ப் டாய்லெட்ல டிஷ்யூ பேப்பர் போட்டு அடைக்கிறது யாருங்கறதெல்லாம் ரெண்டு நாள்ல தெரிஞ்சு போயிடும், அதுக்கு விமான டிக்கெட் எதுக்கு? அதே ஆள் அடுத்த வருஷம் ஐயோனியன் வந்தான், மாத்திரையை நேரத்துக்குப் போட்டான், சுக்கானை அவன் கையில குடுத்து தூரத்து மலையைப் பாத்து ஓட்டுடான்னு சொன்னோம், கடைசி வரைக்கும் கீழயே இறங்கல.

ஆனா சோலண்ட் குளிர் நிஜம். ஜூன்லயும் ஜாக்கெட் இல்லாம முடியாது, நீச்சல்லாம் கனவு. ரெண்டு நாளும் தூறல்ல போச்சுன்னா அந்த ஆள் அப்புறம் படகுன்னாலே ஓடுவான், அந்த ரிஸ்க்கை நான் மறைக்கல.

சாப்பாடு மூணு இடத்துக்கும் ஒண்ணுதான். படகு அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடும், படகு சாஞ்சாலும் அது நேரா நிக்கும், அதுல பிரஷர் குக்கரை விட நல்ல பாத்திரம் கிடையாது, மூடி பூட்டிக்கிறதால சிந்தாது. ரசத்தைச் சோத்துல ஊத்தாம மக்ல ஊத்திக் குடுங்க, நனைஞ்சு போய் மேல நிக்கிறவனுக்கு அதைவிட எதுவும் வேண்டாம்.

இந்த வருஷம் ஜூன்ல ஒரு நீப் வாரக் கடைசி சோலண்ட்ல பிடிச்சாச்சு, புதுசா ரெண்டு பேர் வர்றாங்க. செப்டம்பருக்கு லெஃப்காடா படகைப் பாத்து வச்சிருக்கேன், அட்வான்ஸ் இன்னும் கட்டல, ஜூன் முடியட்டும். குக்கர் தூத்துக்குடிக்காரன் கொண்டு வர்றான். டைட் டேபிளையும் இந்த வாட்டி அவன்கிட்டயே குடுத்தாச்சு.