குச்சிக்கு ஐந்து நட்சத்திரம், கவுண்டருக்கு ஒன்றுகூட இல்லை

பத்து வருசத்துக்கு முன்னம் சிட்னியில் பாப் ரெஸ்ட், அதாவது கருப்பை வாசல் புற்றுநோய்க்கான சோதனை செய்தேன். அப்போது உள்ளே விட்ட கருவியின் குளிர் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் அலுமாரிக்குள்தான் போயின.

2022 ஜூலையிலிருந்து அவுஸ்திரேலியாவில் 25 முதல் 74 வயதுவரை யாரும் கருப்பை வாசல் சோதனைக்குத் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்று தெரிந்தும் இழுத்தடித்தேன். கடைசியில் மச்சாளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிட்டவுள்ள கிளினிக்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை என்ன ரெஸ்ட் என்பதை மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். பின்னால் கோயிலில் பழக்கமான அன்ரி ஒருவர்! நட்சத்திரம் போனது அங்கேதான்.

தந்தது ஒரு குழாயும், நுனி மெத்தென்ற மெல்லிய குச்சியும். கருப்பை வாசல்வரை போகத் தேவையில்லை. கொஞ்சம் உள்ளே விட்டு இருபது முப்பது செக்கன் சுற்றினால் போதும். நோவே இல்லை. கோவிட்டுக்கு மூக்கில் விட்டதுதான் கொடுமை. கஷ்டம் கழிவறையில்தான்: ஒரு கையில் குழாய், மற்றக் கையில் குச்சி, சட்டையை நாடியால் அமத்திப் பிடித்தேன். ஒரு சின்னத் தட்டு வைத்தால் என்ன?

மச்சாளுக்கு ஆங்கிலம் குறைவு. போனில் மொழிபெயர்ப்பாளராக ஓர் ஆண்குரல் வர, அவள் வாயை மூடிவிட்டாள். பெண் வேண்டும் என்று முதலே கேளுங்கள். வெளியே வந்ததும், "நான் சரியாய்த்தான் செய்தனானோ?" என்று மூன்று தரம் கேட்டாள். டொக்டர் எடுப்பதைப் போலவே இதுவும் HPV என்ற கிருமியை (உடலுறவால் தொற்றும், இந்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது) பிடிக்கும் என்று நர்ஸ் சொல்லியும் நம்பிக்கை வரவில்லை.

ரெஸ்டுக்கு அரசாங்கத்தின் மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார் காசு கட்டும். எனக்குக் கிருமி இல்லை. இனி ஐந்து வருசத்துக்குப் பிறகுதான். மச்சாளுக்கு இருந்தது, ஆனால் அதில் 16, 18 என்கிற, ஆபத்து மிகக் கூடிய வகைகள் இல்லை. அப்படியானால் டொக்டரே திரும்ப மாதிரி எடுத்துக் கலங்களைப் பார்க்க வேண்டுமாம். தப்பினோம் என்று நினைத்த பரிசோதனைக் கட்டிலுக்கே அவள் போக வேண்டும். இதை முதலே யாரும் சொல்லவில்லை.

காருக்குள் ஏறியதும் கேட்டாள்: "இது எங்கயிருந்து வந்தது எண்டு அவர் கேட்டால்?" வருசக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்கும், யாரிடமிருந்து எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். சீற் பெல்ற்றை இழுத்தபடியே இருந்தாள்.

வெள்ளிக்கிழமைக்குப் பெண் டொக்டராகப் பார்த்துப் பதிந்திருக்கிறோம். கவுண்டரில் நான்தான் கதைப்பேன், மெதுவாக.