இரண்டு காப்பீட்டுத் தொகைகள்

ஆர்தர் மில்லரின் ‘விற்பனையாளனின் மரணம்’ (1949), லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘வெயிலில் ஓர் உலர்திராட்சை’ (1959) ஆகிய இரண்டு அமெரிக்க நாடகங்களிலும் காப்பீட்டுப் பணமே கதையின் திருப்பம். உழைத்த நிறுவனம் கைவிட்ட மில்லரின் விற்பனையாளன் வில்லி லோமன், மகனுக்கு 20,000 டாலர் கிடைக்கட்டும் என்று உயிரையே விடுகிறான்; வீட்டுக் கடனின் கடைசித் தவணை அவனது அடக்க நாளில்தான் தீர்கிறது.

ஹான்ஸ்பெரியிடமோ, சிகாகோவின் கறுப்பினக் குடும்பம் ஒன்று, இறந்த தந்தையின் 10,000 டாலரில் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டி வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியதும், அங்கே குடிவராமலிருந்தால் பணம் தருவதாகச் சொல்லி, குடியிருப்போர் சங்கத்தின் பிரதிநிதி வீடு தேடி வருகிறார். உரத்த வெறுப்பைவிட அவரது பணிவான பேச்சே என்னை அதிகம் நடுங்கவைத்தது. எந்தத் தெருவில் குடியேறலாம் என்ற கேள்வி வில்லிக்கு ஒருநாளும் எழவில்லை. மில்லர் தொடாத அந்த இடத்திலிருந்தே ஹான்ஸ்பெரி தொடங்குவதால், இன்று அவரையே முதலில் வாசிக்கச் சொல்வேன். வாடிய தொட்டிச்செடியைக் கையிலேந்தித் தாய் வெளியேறும் கடைசிக் காட்சிக்காகவும்தான்.