இ-பேர்டில் ஏழு வருஷம்: அண்டங்காக்கையையும் எழுதுங்கள்

கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்த வருஷம் போனில் இ-பேர்ட் போட்டேன், பார்த்த பறவைகளைப் பட்டியல் போட்டு அனுப்பும் செயலி. முதல் இரண்டு வருஷம் அதை நான் பயன்படுத்திய லட்சணத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. நீலகிரி சோலைக்கிளி கண்ணில் பட்டால் மட்டும் பதிவு. (பேரில்தான் கிளி, சோலையின் அடிப்புதரில் ஒளிந்து திரியும் நீலநிறச் சின்னப் பறவை.) சின்னான், மைனா, அண்டங்காக்கையை எல்லாம் யார் எழுதுவார்கள்?

பட்டியலை அனுப்பும்போது செயலி ஒன்று கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? யோசிக்காமல் 'இல்லை' என்று தட்டிவிடுவேன். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு வந்த நண்பர்தான் பிடித்துக்கொண்டார். 'ஆம்' என்று முழுப் பட்டியல் கொடுத்தால்தான், அதில் இல்லாத பறவை அன்று தென்படவில்லை என்பதும் கணக்கில் ஏறும். நூறு பட்டியலில் சோலைக்கிளி எத்தனையில் இருக்கிறது என்பதுதான் அடிப்படைக் கணக்கு. பார்த்த நாளில் மட்டும் எழுதினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும்! 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்டவர்கள் தந்த 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை அலசியது. ஏற்ற இறக்கத்தைச் சொல்ல அவர்களுக்கு உதவியது இந்த முழுப் பட்டியல்கள்தான்.

சரி, பறவை இருந்தும் நம் கண்ணில் படாவிட்டால்? ஒருமுறை போனால் சோலைக்கிளி தட்டுப்பட நூற்றுக்கு 40 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை போயும் தவறவிட 0.6 × 0.6 × 0.6, அதாவது நூற்றுக்குச் சுமார் 22. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன பட்டியல்கள் இருந்தால், 'இல்லை' என்பதையும் 'காணவில்லை' என்பதையும் ஓரளவு பிரித்துவிடலாம். அதனால்தான் ஐந்து வருஷமாக லாங்வுட் சோலையையே சுற்றுகிறேன்.

போன டிசம்பரில் ஒருநாள் அங்கே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். இருபத்தைந்தாவது நிமிஷம் பாதையில் காட்டுமாடு நின்றது. வந்த வழியே திரும்பிவிட்டேன். கையில் நான்கே இனம், அதுவும் காதால் கேட்டது. முழுப் பட்டியல் என்றே அனுப்பினேன். நேரமும் தூரமும் கூடவே போவதால், குறைந்த உழைப்புக்குக் குறைந்த பறவை என்று கணக்கு புரிந்துகொள்ளும்.

தொட்டபெட்டாவில் ஞாயிறன்று குவியும் பட்டியல்களையும் இப்படிச் சமாளிக்கலாம்: வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு வாரம் ஒரு பட்டியல் என்று எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவது. ஆனால் ஆளே போகாத சோலைக்கு எந்தக் கணக்கிலும் மருந்து கிடையாது.

சிக்னல் இல்லாத இடத்திலும் செயலி வேலை செய்வது பெரிய நிம்மதி. என் சொதப்பல் ஒன்று: போகும் வழியையும் தூரத்தையும் பதியும் ட்ராக்கை நிறுத்த மறந்து மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிட்டேன். குஞ்சப்பனை தாண்டித்தான் ஞாபகம் வந்தது. நடந்த தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர். செயலி கணக்கில் பஸ் வந்த தூரமும் சேர்ந்துவிட்டது. கையால் திருத்தினேன். இப்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் முதல் வேலை ட்ராக்கை நிறுத்துவது, அப்புறம்தான் டீ.