டபிள்யூ-கன்வெர்ஷன்: நங்கூரம் போட்ட வள்ளமும் 70 சென்டிமீட்டரும்

"அண்ணே, ஜிசிசியில டபிள்யூ-கன்வெர்ஷன் போட்டா ஸ்க்ரீன் பூரா வார்னிங். தூக்கிரலாமா?" படகுக்கு ஜிபிஎஸ் லாகர் (இடத்தைப் பதிவு செய்யும் ப்ரோகிராம்) எழுதும் மண்டபத்துத் தம்பி கேட்டது இது. ஜிசிசி என்பது சி மொழிக் கம்பைலர். டபிள்யூ-கன்வெர்ஷன் (-Wconversion) அதன் ஒரு ஆப்ஷன்: ஒரு வகை எண் தானாக வேறு வகைக்கு மாறும்போது மதிப்பு கெடலாம் என்றால் எச்சரிக்கும். நெடுநாளாக அதனோடு மல்லுக்கட்டுவதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வழக்கமான வார்னிங் தொகுப்புகளான டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா இரண்டும் போட்டாலும் இது வராது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சி மொழியில் கேட்டால் சைன் (பிளஸ், மைனஸ் குறி) மாற்றத்துக்கான வார்னிங்கும் கூடவே வந்துவிடும்.

இதன் அருமை தெரிய வேண்டுமா? யூபிளாக்ஸ் ஜிபிஎஸ் சில்லு தீர்க்கரேகையை (டிகிரியில்) 1 கோடியால் பெருக்கி 32 பிட் முழு எண்ணாகத் தருகிறது. பாம்பனில் அது 79 கோடிக்குச் சற்று மேல். ஃப்ளோட் என்ற தசம எண் வகைக்கு 24 பிட் துல்லியம்தான். அவ்வளவு பெரிய எண்ணை அதில் போட்டால் 64, 64 ஆகத்தான் நகரும். நம் கடலில் ஓர் அலகு ஏறக்குறைய 1.1 செ.மீ., ஆக ஒரு படி 70 செ.மீ. நொடிக்கொரு முறை கழித்து வேகம் பார்த்தால், நங்கூரம் போட்டுக் கிடக்கும் வள்ளம் திடீர் திடீரென மணிக்கு 2.5 கி.மீ. ஓடும். இந்த இடத்தைச் சரியாகக் காட்டிக்கொடுப்பது இந்த வார்னிங்தான்.

சரி, முதலில் முழு எண்ணாகவே கழித்துவிட்டு, வித்தியாசத்தை மட்டும் ஃப்ளோட்டில் போடுகிறோம். கணக்கு சுத்தம். ஆனாலும் அதே வார்னிங், அதே வாசகம்: மதிப்பு மாறக்கூடும்! தப்புக்கும் திருத்தத்துக்கும் ஒரே திட்டு. எரிச்சலில் ஆள் என்ன செய்வான்? ஃப்ளோட் என்று காஸ்ட் (வகையை நாமே வலிய மாற்றுவது) போட்டு வாயை அடைப்பான். அதே காஸ்ட்டைப் பழைய தப்பு வரியில் போட்டாலும் கம்பைலர் கப்சிப். படகு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வழி இதுதான்: வித்தியாசம் கூட்டல் கழித்தல் 32767-க்குள் இருக்கிறதா என்று இஃப் போட்டுப் பாருங்கள் (அது 360 மீட்டர், ஒரு நொடிக்குத் தாராளம்). தாண்டினால் அந்த ரீடிங்கைத் தள்ளுங்கள். உள்ளே இருந்தால் 16 பிட் இன்ட்டாக (முழு எண்ணாக) காஸ்ட் செய்து, பிறகு ஃப்ளோட்டில் போடுங்கள். 16 பிட் ஃப்ளோட்டுக்குள் முழுசாக அடங்கும், வார்னிங் வராது. ஃப்ளோட்டைவிடத் துல்லியமான டபுளில் போட்டாலும் வராதுதான். ஆனால் கார்டெக்ஸ் எம்4 போன்ற சிறு ப்ராசசர் சில்லில் டபுள் கணக்கு சாஃப்ட்வேரில் நடக்கும், மெதுவாகும். மீட்டராக்கப் பெருக்கும் 0.011-க்குப் பின்னால், ஃப்ளோட் என்று காட்டும் எஃப் போட மறந்தாலும் அதே டபுள்தான். நல்ல வேளையாக அதையும் இது பிடிக்கும்.

சார் (8 பிட் எண்) வேரியபிளில் 1 கூட்டினால்கூடப் புலம்பும் வழக்கம் ஜிசிசி 10-இல் போய்விட்டது. பழைய டூல்செயின் (கம்பைலர் தொகுப்பு) என்றால் முதலில் அதை மாற்றுங்கள், பாதி இரைச்சல் அங்கேயே அடங்கும்.

இன்றைய எரிச்சலுக்கு இதற்கு நான் தரும் மார்க் 5-க்கு 2. ஆனாலும் தூக்காதீங்க தம்பி. வார்னிங்கையே பிழையாக்கி பில்டை நிறுத்தும் டபிள்யூ-எரரோடு மட்டும் சேர்க்காதீங்க, பில்ட் ஓடினால் போதும் என்று காஸ்ட்டாக இறைக்கத் தோன்றும். சில்லுக் கம்பெனி ஹெடர்களை ஐ (-I) ஆப்ஷனுக்குப் பதில் ஐசிஸ்டம் (-isystem) கொடுத்துச் சேருங்கள், அவற்றின் வார்னிங் அடங்கும். மிஞ்சுவது உங்கள் வார்னிங் மட்டும்.